செல்வமணி அக்கா அழாத படம்

போன வாரம் என் அண்ணன் மகள் பவித்ரா போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "அத்தை, கிளிசரின் பாமசியில சும்மா குடுப்பாங்களா, இல்லாட்டி டொக்டர் துண்டு வேணுமா?" நான் பதறிப்போய், என்னம்மா ஆச்சு, கால் வெடிப்பா, தோலில் ஏதாவதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லையாம். கூட்டாளிகளோடு சேர்ந்து குறும்படம் எடுக்கிறாளாம். வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதையாம். நடிக்க வந்த பெண்ணுக்கு எவ்வளவு முக்கியும் கண்ணீர் வரவில்லையாம்.

"வராட்டி விட்டுடேன்டி" என்று எழுதினேன்.

"விட்டா எப்பிடி அத்தை? அழாட்டி அவங்க கஷ்டப்படுறாங்கன்னு பாக்குறவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! இதே கேள்வியை, இதே வயதில், இதைவிட அதிகத் திமிரோடு நானும் கேட்டிருக்கிறேன். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, அது நீண்டு நீண்டு, கடைசியில் உங்களிடம் வந்து நிற்கிறது.

சுயாதீனப் படம் என்று இப்போது அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனி கிடையாது, ஹீரோ கிடையாது, நாலு பேர் சேர்ந்து கையில் உள்ளதை வைத்து எடுக்கிற படம். எங்கள் காலத்தில் அதற்கு 'சும்மா எடுத்த படம்' என்றுதான் பெயர். பவித்ரா தனக்குப் பிடித்ததாகச் சில படங்களை அனுப்பியிருந்தாள். ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். நல்லதும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் படங்களில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழை பெய்கிறது. கையில் தேத்தண்ணி ஆறுகிறது. பின்னால் வயலின் இழுக்கிறது. அடி அம்மா, அந்தப் பெண்ணுக்கு அடுப்பு வேலை இல்லையா, துணி துவைக்க வேண்டாமா, காலையில் வேலைக்குப் போகவேண்டாமா? அழிவு நடந்த நாளை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிற சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளை ஒரு மனுஷி எப்படிக் கடக்கிறாள் என்று பார்க்கத்தான் ஆளில்லை. பெரிய ஞானி மாதிரிப் பேசுகிறேன், பாருங்கள். நானே அந்தத் தப்பைச் செய்தவள். சும்மா இல்லை, பூ பார்டர் போட்டுச் செய்தவள்.

அப்போது நான் மாத்தளை டவுனில் பரீத் நானாவின் வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். மேல்மாடியில் ஒரே அறை. கீழே கராம்பும் சாதிக்காயும் மிளகும் வாங்கும் கடை. அந்த மணம் படியேறி வந்து கம்ப்யூட்டர் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் சாதிக்காய் வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் புரியாணி ஞாபகம் வரும், எனக்கு யாரோ ஒருவருடைய செத்த வீடு ஞாபகம் வரும்.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்போது கல்யாணம், சடங்கு மாதிரியே செத்த வீட்டையும் வீடியோ எடுப்பார்கள். மகன் கத்தாரில் இருப்பான், மகள் லெபனானில் இருப்பாள், அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரமுடியாது. அவர்களுக்கு அனுப்பத்தான் அந்த வீடியோ. அதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதில் எனக்குப் பெரிய பேர். முதலில் செத்தவரின் படம், அதைச் சுற்றி மல்லிகைப்பூ பார்டர், ஓரத்தில் ஆடுகிற விளக்கு. பிறகு அழுகிற பெண்களை ஸ்லோ மோஷனில் இழுத்துவிட்டு, ஒரு சோக இசை. வெளிநாட்டிலிருந்து போன் வரும். "அக்கா, நல்லா அழ வச்சிட்டீங்க" என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் "தேங்ஸ்" என்பேன்.

"எங்கட ஆக்கள் மௌத்து வூட்டுல கேமராவே வைக்கமாட்டாங்க புள்ள. நீங்க என்னடான்டா அதுக்குப் பூவும் போட்டுப் பாட்டும் போடுறீங்க" என்பார் பரீத் நானா. சொல்வாரே தவிர, ஓடர் வந்தால் வேண்டாமென்று சொன்னதில்லை.

ஒரு மார்கழியில் ஜெராட் சேர் படியேறி வந்தார். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். நாடகப் பைத்தியம். மார்கழியில் இந்துக்களுக்குக் கல்யாணம் கிடையாது, கிறிஸ்மஸுக்கு முந்தின காலம் என்பதால் கத்தோலிக்கருக்கும் கிடையாது. நானாவின் கேமரா உறையிலேயே தூங்கும். அதைத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறார் மனுஷன்.

அவருக்கு ஒரு படம் எடுக்கவேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயத்தையே மூடியது. புருஷனையும் சின்ன மகனையும் அதில் இழந்து, மகளோடு தப்பிய ஒரு பெண் இருக்கிறார். அவரையே நடிக்க வைத்து, அவர் கதையையே எடுக்கவேண்டும். நானா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "கேமராவ நனைக்காமக் கொண்டு வந்தாச் சரி" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். சோகத்தை வெட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி மாத்தளை மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு.

அந்தத் தோட்டத்தில் மூன்று செல்வமணிகள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஆயா செல்வமணி. உயரம் குறைந்தவர் குட்டைச் செல்வமணி. எங்கள் அக்காவுக்கு வைத்திருந்த பெயர், மண்சரிவுச் செல்வமணி. ஊரார் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, அடையாளத்துக்கு வைத்ததுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் சீனி வாங்கப் போனாலும், கொழுந்து நிறுக்கப் போனாலும், கோயிலில் திருநீறு வாங்க நின்றாலும் ஒருவர் வாயிலிருந்து அந்த மலை தினமும் இன்னொரு தடவை சரிகிறது.

அதனால்தான் அவர் நடிக்கவே ஒத்துக்கொண்டார். முதல் நாளே, லயத்தில் தன் வீடாக இருந்த ஒற்றைக் காம்பராவின் வாசலில் எங்களை நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார்.

"சேர், நான் நடிக்கிறேன். ஆனா படத்தப் பாத்துட்டு ஆளுங்க என்னைய அந்தப் பேரு சொல்லிக் கூப்புடுறத நிப்பாட்டணும். பாவம்னு ஒரு ஆளு சொல்லக் கூடாது. அதுக்குத்தான் வாறேன். சரின்னா உள்ள வாங்க."

ஜெராட் சேர் சரி என்றார். நானும் தலையாட்டினேன். என்னத்துக்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலேயே ஆட்டினேன்.

அழுகிற காட்சிதான் முதலில் எடுக்கவேண்டும் என்று சேர் பிடிவாதமாக இருந்தார். நான் கைப்பையிலிருந்து கிளிசரின் போத்தலை எடுத்தேன். ஆமாம், என்னிடமும் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாத சிரிப்பு.

"நிவாரணம் குடுக்க வந்தவங்களும் இப்பிடித்தான். அரிசி மூட்டையப் புடிச்சிக்கிட்டு அழுங்கன்னாங்க. ஏன் தங்கச்சி, அரிசி கெடச்சா யாராச்சும் அழுவாங்களா?"

அவர் அழவில்லை. ஆறு நாள் எடுத்தோம், ஆறு நாளும் அழவில்லை. பதிலுக்கு அவர் பாட்டுக்கு ஏதேதோ செய்தார். வானம் இருட்டினால் உடனே காலில் செருப்பை மாட்டிக்கொள்வார், வீட்டுக்குள்ளேதான். மழைக்காலத்தில் படுக்கும்போதும் செருப்போடுதான் படுப்பார், அதையும் எடுத்தோம். அடையாள அட்டை, மகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் சோறு வடிப்பார். கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை, கழற்றி எறிந்திருந்தார். அதைவிட ஒன்று. நாளைக்கு என்று அந்த வீட்டில் எதுவுமே இருக்காது. மாவு கரைத்து வைப்பதில்லை, பழைய சோறு இல்லை, அன்றைக்கு உள்ளதை அன்றைக்கே தின்று பானையைக் கவிழ்த்துவிடுவார்.

ஏன் அக்கா என்று கேட்டேன். பீங்கான் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கி தோசைக்கு மாவு ஆட்டி வச்சிருந்தேன். மகன் கேட்டான்னு. எல்லாம் போச்சு, அந்த மாவுச் சட்டி மட்டும் ஒடையாமக் கெடந்துச்சு தங்கச்சி. பொங்கி வழிஞ்சிருந்துச்சு."

அவர் அடுத்த பீங்கானை எடுத்தார்.

கடைசி நாள் மாலை ஐந்து மணி இருக்கும். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். கேமராவை நிறுத்த சேர் மறந்துபோயிருந்தார். "நாளைக்கிக் காலையில போறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, வடை சுட்டுத் தாறேன்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒரு சட்டியில் கடலைப்பருப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியவர் அப்படியே நின்றார். சட்டியைப் பார்த்தார். மகள் நிரோஷாவைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு அடுப்புச் சாம்பலை அள்ளப் போனார். அவ்வளவுதான். நிரோஷா மட்டும் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் வடையை ருசித்துத் தின்றேனே தவிர, எதைத் தின்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்டூடியோவுக்கு வந்தேன். செருப்பு, பிளாஸ்டிக் பை, தாழ்ப்பாள் இல்லாத கதவு, பருப்பு எல்லாவற்றையும் 'வேஸ்ட்' என்று ஒரு போல்டரில் தள்ளினேன். விறகுப் புகையில் அக்கா கண்ணைக் கசக்குகிற ஒரு துண்டு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஸ்லோ மோஷன் போட்டேன், வயலின் போட்டேன், மூன்று தடவை வரவைத்தேன். சேர் வந்து பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

படம் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை, இரத்தோட்டையில் வேதக் கோயில் மண்டபத்தில். காலைப் பூசை முடிந்ததும் காட்டலாம் என்று பாதர் சொல்லியிருந்தார். அதற்கு முன் அக்கா பார்க்கவேண்டும் என்பது பேச்சு. பொங்கலுக்கு உடுப்பு வாங்க டவுனுக்கு வந்தவர், புதன்கிழமை மத்தியானம் நிரோஷாவையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, சோடா கொடுத்து, படத்தைப் போட்டேன்.

முதலாவது காட்சி, அக்காவின் முகம். அதைச் சுற்றி மல்லிகைப்பூ பார்டர். ஓரத்தில் விளக்கு.

"அம்மா" என்றாள் நிரோஷா, "ஒங்க போட்டோவுக்கு ஏன் பூ போட்டிருக்காங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு அது தெரியவே இல்லை. கை தன் பழக்கத்தில் போட்டிருக்கிறது. சேரும் முன்னமே பார்த்தவர்தான், அவருக்கும் தெரியவில்லை. செத்த வீட்டு வீடியோ பார்த்துப் பார்த்துச் சோகம் என்றால் இப்படித்தான் என்று எங்கள் கண் பழகிப்போயிருந்தது. கதவோரம் நின்ற பரீத் நானா "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா படத்தை முழுதாகப் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நான் செத்துப் போயிட்டேனா தங்கச்சி?"

நான் கையை நீட்டித் திரையை அணைத்தேன்.

"அஞ்சு வருசமா நான் சாகாம இருக்க என்னா பாடு பட்டிருக்கேன் தெரியுமா? அத ஒரு நிமிசத்துல முடிச்சிட்டியே. ஞாயித்துக்கெழம இதப் போட வேணாம்னு சேருகிட்ட சொல்லு." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். இரத்தோட்டை பஸ்ஸில் ஏறப்போனவரைப் பிடித்து, நடு பஸ் ஸ்டாண்டில் நின்று, சனிக்கிழமை வரைக்கும் தவணை கொடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அழுதேன் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கிளிசரின் தேவைப்படவில்லை.

"அழுகாத நேரத்துல நான் என்னா செய்யிறேன்னு நீ எடுத்தியே. அதெல்லாம் எங்க போச்சு?"

"வேஸ்ட்ல கெடக்கு அக்கா."

"அப்ப அதப் போடு" என்றுவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வேஸ்ட் போல்டருக்குள்ளேயே கிடந்தேன். மனிதர்கள் வேலை செய்கிற சத்தம் எவ்வளவு அழகு என்று அப்போதுதான் காது திறந்தது. வயலினைத் தூக்கினேன். தகரத்தில் மழை விழுகிற சத்தம், செருப்புத் தேய்கிற சத்தம், பீங்கான் சத்தம், இவையே போதும் என்று விட்டேன். மண் சரிந்த நாளைப் பற்றி ஒரு காட்சியும் இல்லை. மாவுச் சட்டியைப் பற்றி அக்கா சொன்னது மட்டும் இருந்தது. கடைசியில் அந்தப் பருப்பு. சேர் வந்து பார்த்தார். "கத முடியவே இல்லையே?" என்றார். "அவங்களுக்கும் முடியல சேர்" என்றேன். சனிக்கிழமை அக்கா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மேசையில் ஆறிப்போயிருந்த என் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். சரி என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து ஜன்னல்களை எல்லாம் சாக்கால் மறைத்தோம். வெள்ளைச் சீலை ஒன்றைச் சுவரில் கட்டினோம். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் அந்தத் தோட்டமே வந்துவிட்டது. அக்கா நடு வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக நின்றேன்.

அக்கா செருப்போடு பாயில் படுக்கிற காட்சி வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒரு குரல், "ஏய், நானும் அப்பிடித்தாண்டி படுக்கிறேன்." இன்னொரு பக்கத்திலிருந்து, "எங்க வீட்டுல அவரும் தான்." அப்புறம் மண்டபம் முழுக்க அதே பேச்சு. ஐந்து வருடமாக ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து ஒளித்துவைத்திருந்ததை எல்லாரும் எடுத்து வெளியே வைத்தார்கள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது.

கடைசியில் பருப்பில் தண்ணீர் விழுந்தது. தட்டு மூடியது. வெளிச்சம் போட்டோம். ஒருவரும் எழும்பவில்லை. நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். அப்போது முன் வரிசையிலிருந்து குட்டைச் செல்வமணி எழும்பி, நிரம்பின கண்ணோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏய் செல்வமணி, அப்ப நாளைக்கி வடையா?"

"வந்து தின்னுட்டுப் போ!" என்றார் அக்கா.

மண்டபமே அதிர்ந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடப் பாவம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரிய பெரிய வேலையெல்லாம் செய்திருக்கிறேன், கொழும்பில் மேடையேறிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் வேலையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது என்றால் அன்றைக்குத்தான். பெருமை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன், அடக்கம் எல்லாம் எனக்கு வராது. அது எங்கள் படம். அந்த அக்காவின் படம்.

இப்போது அந்தப் படம் இல்லை. டேப்பில் பூஞ்சணம் பிடித்தது, கம்ப்யூட்டர் செத்தது, பிரதி போட்ட சீடியை யாரோ வாங்கிப்போய் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பரீத் நானா காலமாகிவிட்டார், அவர் சொன்னபடியே கேமரா இல்லாமல் போனார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் போன் ரிப்பேர் கடை. ஜெராட் சேர் இத்தாலியில் யாரோ ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறார், பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புவார். அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள்.

அக்காவிடமாவது ஒரு சீடி மிஞ்சியிருக்குமா என்று முந்தாநாள் இரத்தோட்டைக்குப் போனேன். லயத்து ஆட்களுக்குப் புதிய வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி, எது யாருடையது என்று விளங்கவில்லை. மூலையில் ஒரு சில்லறைக் கடை. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில், எத்தனை அசிங்கம் பாருங்கள், நானே அவளிடம் கேட்டுவிட்டேன்.

"தங்கச்சி, மண்சரிவுச் செல்வமணி வீடு எது?"

"மண்சரிவா?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடி ஒருத்தரும் இங்க இல்லையே."

தோட்டத்தில் வேலை செய்தவர், ஒரே மகள், பெயர் நிரோஷா என்று அடையாளம் சொன்னேன்.

"ஓ, சண்டைக்காரச் செல்வமணி மாமியா? நிப்பாட்டாமப் போற பஸ்ஸ நடு ரோட்டுல நின்னு மறிப்பாங்களே, அவங்களா?" சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பிக் கத்தினாள். "அம்மா! செல்வமணி மாமிக்கு வேற பேரு ஏதாச்சும் இருக்கா?"

உள்ளே மாவு இடிக்கிற சத்தம் ஒரு நொடி நின்றது.

"முன்ன ஒன்னு இருந்துச்சுடி. அது போயி எவ்வளவோ காலம் ஆச்சு."